ஆண்டறிக்கை 2024–25: பாளையங்கோட்டையில இருந்து பரத்பூர் வரைக்கும்

தலைவர் அண்ணாச்சிக்கும், பொருளாளர் சாருக்கும், மூத்த உறுப்பினர்களுக்கும், குடும்பத்தோட வந்திருக்க நம்ம வாக்கிங் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம். சங்கத்தோட செயலாளரா நான் வாசிக்கிற மூணாவது ஆண்டறிக்கை இது.

வழக்கமான விஷயத்த முதல்ல முடிச்சிருதேன். இப்ப உறுப்பினர்கள் 64 பேர், புதுசா சேந்தவங்க 7 பேர். மூத்த உறுப்பினர் ரெண்டு பேர இந்த வருஷம் இழந்துட்டோம், ரெண்டு பேருமே மழை பேஞ்சாக்கூட காலையில அஞ்சரைக்கு கிரவுண்டுக்கு வந்து நின்னவங்க. கமிட்டி கூட்டம் 11 தடவ நடந்துச்சு, கண் மருத்துவ முகாம் ஒண்ணு நடத்துனோம். வாய்க்கா கரையில வச்ச 120 கன்னுல 83 பொழச்சிருக்கு, தண்ணி ஊத்துன பிள்ளைகளுக்கு சங்கம் நன்றி சொல்லுது.

இனி டூர். இந்த வருஷம் சங்கம் செஞ்ச பெரிய காரியம்னா அதுதான், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதியிருக்கேன்.

இது எங்க ஆரம்பிச்சதுன்னா, போன மே மாசம் நாங்க நாலு பேரு ஒரு கல்யாணத்துக்கு மதுரைக்கு விடிய காலையில கார்ல போனோம், கங்கைகொண்டான் தாண்டுற எடத்துல நாலு வழிச்சாலை ஓரத்துல ஒரு புள்ளிமான் அடிபட்டு கெடந்துச்சு. வண்டிய நிப்பாட்டி இறங்கிப் பாத்தா இன்னும் உசுரு இருக்கு, காது மட்டும் ஆடுது, வாயில பாதி மென்ன புல்லு. வனத்துறைக்கு போன் போட்டு அவங்க வர்றதுக்குள்ள போயிருச்சு. அங்க 288 ஹெக்டேர்ல புள்ளிமானுக்குன்னே 2013ல சரணாலயம் அறிவிச்சிருக்காங்க, நம்ம ஊர்ல இருந்து அரை மணி நேரம்தான், ஆனா நம்மள்ல பாதி பேருக்கு மேல அது தெரியல. கோடையில தண்ணி தேடி வெளிய வர்ற மான்தான் இப்படி மாட்டுது. ஜூன் கூட்டத்துல இதச் சொன்னப்ப தலைவர் அண்ணாச்சி கேட்டாரு, "ஏ, இதே ரோடு புலிக்காட்டுக்குள்ளயும் போகுதுல்லா, அங்க என்ன செஞ்சிருக்கான்னு போய்ப் பாத்தா என்ன?" அந்த ஒரு கேள்விதான் டூர்.

இதே ரோடுன்னு அவரு சொன்னது சும்மா இல்ல. கன்னியாகுமரியில கெளம்பி நம்ம ஊர் வழியா ஸ்ரீநகர் போற தேசிய நெடுஞ்சாலை 44, 3,700 கிலோமீட்டருக்கு மேல, நாட்டுலயே நீளமான நெடுஞ்சாலை, முன்னால ஏழாம் நம்பர்னு சொல்லுவோமே அதுல பெரும்பகுதி இதுக்குள்ளதான் வருது. பொங்கல் முடிஞ்சு ஜனவரி 18 சனிக்கிழமை விடிகாலம் நாலு மணிக்கு ஒரு வேன், ஒரு கார், மொத்தம் 18 பேரு. வயசுல மூத்தவரு 74.

முத நாள் முழுக்க ஓட்டம்தான், ராத்திரி பெங்களூரு தாண்டி தங்கல். மறுநாள் லேபாட்சி. ஒரே கல்லுல செஞ்ச நந்தி, 27 அடி நீளம் 15 அடி உயரம், கழுத்து மணி வரைக்கும் செதுக்கியிருக்கான். கோயிலுக்குள்ள தொங்குற தூணுக்கு அடியில நம்ம மதினி எல்லாரும் முந்தானைய விட்டு இழுத்துப் பாத்தாங்க, இந்தப் பக்கம் விட்டா அந்தப் பக்கம் வருது. கர்நூல்ல துங்கபத்ரா, அதுக்கப்புறம் கிருஷ்ணா, நிர்மலுக்கு முன்னால கோதாவரின்னு மூணு ஆறு தாண்டுனோம், ஒவ்வொண்ணுலயும் பொருளாளர் சார் காசு போட்டாரு. ஹைதராபாத் தாண்டி வேன்ல பெல்ட் அறுந்து நாலு மணி நேரம் ரோட்டோரம் இருந்தோம், பக்கத்து பருத்திக் காட்டுல வேல செஞ்ச அம்மாமாரு குடிக்கத் தண்ணி கொடுத்தாங்க, பாஷை தெரியாம சிரிச்சே பேசிக்கிட்டோம்.

ஆதிலாபாத் தாண்டி மகாராஷ்டிராவுக்குள்ள நுழைஞ்சா பாண்டர்கவடா பக்கத்துல திபேஷ்வர்னு ஒரு சின்ன சரணாலயம். அங்க பொறந்த ஒரு ஆண் புலி 2019ல கழுத்துல ரேடியோ காலரோட கெளம்பி, காடு, வயல், ரோடு எல்லாம் தாண்டி அஞ்சாறு மாசத்துல 1,300 கிலோமீட்டர் நடந்து தியான்கங்கா சரணாலயத்துக்குப் போய்ச் சேந்துச்சு. அதுக்கு வாக்கர்னே பேரு வச்சுட்டாங்க. ஒரு புலிக்கு ஜோடியும் எடமும் தேடி அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்குன்னா வழியில எத்தன ரோட்டத் தாண்டியிருக்கும்னு நெனைக்கையில வேன்ல யாருக்கும் பேச்சு வரல.

நாக்பூர் தாண்டி மன்சர்ல இருந்து கவாசா வரைக்கும் ரோடு பெஞ்ச் புலிக் காட்டுக்குள்ள போகுது. நாங்க பாக்க வந்தது இதத்தான். ரோட்ட அகலப்படுத்த ஆரம்பிச்சப்ப பிரச்சினை கோர்ட் வரைக்கும் போச்சு, இந்திய வனஉயிரின நிறுவனத்துக்காரங்க மிருகம் எங்கெங்க கடக்குதுன்னு ஆராஞ்சு சொன்னாங்க, அப்புறம்தான் ரோட்டயே தூக்கிக் கட்டி அடியில மிருகம் போக வழி விட்டாங்க. அப்படி 9 எடம், சின்னது 50 மீட்டர், பெருசு 750 மீட்டர். அடியில கேமரா வச்சுப் பாத்ததுல 18 வகை காட்டு உயிர் போயிருக்கு, புலி மட்டும் தனித்தனியா 11 போயிருக்கு. எங்க வேன் மேல போகும்போது தலைவர் வீட்டு அம்மா "எங்க, பாலத்தக் காணோமே"ன்னு கேட்டாங்க, டிரைவர் தம்பி "இப்ப அதுக்கு மேலதாம்மா போறோம்"னான். மேல இருக்கவனுக்குத் தெரியவே தெரியாது, கீழ காடு அது பாட்டுக்கு நடந்துக்கிட்டிருக்கு. மத்தியப் பிரதேசப் பக்கம் போனா இன்னும் ஒரு படி மேல, வண்டிச் சத்தமும் லைட்டும் காட்டுக்குள்ள போகாம ரெண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல தகடு அடைச்சிருக்காங்க.

பெஞ்ச் காட்டுக்குள்ள போற வாசலான துரியா கேட் பக்கத்துல தங்குனோம். ஆன்லைன்ல பணம் கட்டி வச்ச ரூம ஒரு லாட்ஜ்ல வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க, ராத்திரி பத்து மணிக்கு வேற எடம் தேடி அலைஞ்சோம், அந்தக் குளிருல மூத்தவங்கள நிக்க வச்சது எனக்கு இன்னும் ஆறல, அடுத்த டூர்ல ஒருத்தர முன்கூட்டியே அனுப்பி உறுதி பண்ணணும். புதன்கிழமை சாயங்காலம் சஃபாரி கெடையாதுங்கறதும் அங்க போய்த்தான் தெரிஞ்சுது, அதனால புதன் காலை, வியாழன் காலை, வியாழன் சாயங்காலம்னு மூணு தடவ ஜிப்சிங்கற திறந்த ஜீப்புல போனோம். புலி பாக்கல. தடம் பாத்தோம், மண்ணுல அவ்வளவு புதுசா, ஓரத்து மண்ணு இன்னும் சரியல. புள்ளிமான் கத்துற எச்சரிக்கைச் சத்தம், மரத்து மேல கருமூஞ்சி மந்தி, வெள்ள வெளேர்னு நிலா வெளிச்சம் மாதிரி நிக்கிற குல்லு மரம், காட்டெருமை. வியாழன் சாயங்காலம் செந்நாய் ஒன்பது ரோட்டக் கடந்துச்சு, கடைசி நாய் மட்டும் நின்னு எங்கள ஒரு பார்வ பாத்துட்டுப் போச்சு. கைடு தம்பி காலர்வாலியப் பத்திச் சொன்னான். எட்டுப் பிரசவத்துல 29 குட்டி போட்ட அம்மா புலி, 2022 ஜனவரியில செத்தப்ப ஊர்க்காரங்க மாலை போட்டு கையெடுத்துக் கும்பிட்டு எரியூட்டுனாங்க. சொல்லும்போது அவன் தொண்ட அடைச்சிருச்சு, நம்ம ஆளுகளும் கண்ணத் தொடச்சாங்க.

அங்க இருந்து நர்மதையக் கடந்து சாகர், ஜான்சி, குவாலியர். மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் நடுவுல சம்பல் ஆறு. ரோடு மேல பாலத்துல போகுது, நாங்க இறங்கி படகுல போனோம். குளிர்காலம்கறதால கரியால் முதலை மணல் திட்டுல வெயில் காஞ்சுக்கிட்டு கெடக்கு, வாய் கத்தி மாதிரி நீளம், ஆண் முதலைக்கு மூக்கு நுனியில சின்ன பானையக் கவுத்து வச்ச மாதிரி ஒரு முண்டு. ஹிந்தியில பானைக்கு கடா, அதுல இருந்து வந்ததுதான் பேரு. மீனத்தான் திங்கும். உலகத்துல காட்டுல மிச்சமிருக்க கரியால்ல பெரும்பங்கு இந்த ஒரு ஆத்துலதான், தேவ்ரி பண்ணையில முட்டையப் பொரிக்க வச்சு குட்டி 1.2 மீட்டர் வளந்ததும் ஆத்துல விடுறாங்க.

கடைசி, ராஜஸ்தான்ல பரத்பூர் கேவலாதேவ், பறவைகளுக்குப் பேர் போன தேசியப் பூங்கா. சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுறவங்கதான் அங்க கைடு, ஒவ்வொரு பறவைக்கும் பேரு, வர்ற மாசம், கூடு எல்லாம் விரல் நுனியில. நம்ம மாவட்டத்து பறவைகள் சரணாலயம் கூந்தன்குளத்துல நாம பாக்குற மஞ்சமூக்கு நாரை அங்க மரம் மரமா நிக்குது. நம்ம குளத்துக்கு வர்ற வரித்தலை வாத்து அங்கயும் இருந்துச்சு, இமயமலையத் தாண்டி வர்ற ஜாதி. நாங்க ஒன்பது நாள்ல வேன்ல போன தூரத்த விட அதிகமா அது றெக்கையால வருது. கோயில் பக்கத்துல ஒரு கல்லுல பழைய வேட்டைக் கணக்கு வெட்டி வச்சிருக்கு, 1938 நவம்பர்ல ஒரே நாள்ல 4,273 பறவையச் சுட்டிருக்காங்க. அந்த ரிக்‌ஷாக்காரர் அதக் காட்டிட்டு சைபீரியக் கொக்கு கடைசியா வந்தது 2002லன்னு சொன்னாரு. அவருகிட்ட நம்ம கூந்தன்குளம் ஜனங்க பறவைக்காக தீபாவளிக்கு வெடி போட மாட்டாங்கன்னு சொன்னோம், வண்டிய நிப்பாட்டி இறங்கி வந்து எங்க தலைவர் கையப் புடிச்சுக்கிட்டாரு.

ஜனவரி 31 ராத்திரி எல்லாரும் பத்திரமா வீடு வந்து சேந்தோம். போக வர ஓடுனது 5,400 கிலோமீட்டர். தலைக்கு 24,500 வீதம் வசூல் 4,41,000 ரூபாய், செலவு 4,28,350, மீதி 12,650. போன 18 பேரும் சம்மதிச்சு அந்த மீதிய கங்கைகொண்டான் வேலைக்கு ஒதுக்கச் சொல்லிட்டாங்க.

அந்த வேலை என்னன்னா, சரணாலயத்த ஒட்டுன ரோட்டுல வேகத்தக் குறைக்கச் சொல்லி எச்சரிக்கைப் பலகை, கோடையில உள்ள தண்ணித் தொட்டிக்கு லாரித் தண்ணி, மான் அதிகமா கடக்குற எடத்த வனத்துறையோட சேந்து கணக்கெடுக்குறது. மனு எழுதி வச்சிருக்கேன், ரெண்டு காப்பி வாசல் மேசையில இருக்கு, உறுப்பினர்கள் போறப்ப கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. வர்ற ஞாயித்துக்கிழமை வாக்கிங் கிரவுண்டுல இல்ல, காலையில அஞ்சு மணிக்கு வேன் கங்கைகொண்டானுக்குக் கெளம்புது. வர்றவங்க தண்ணி பாட்டிலும் ஒரு நோட்டும் கொண்டாங்க.