கண் போன அமீரும் படைப் பட்டியலும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. பத்தாம் நூற்றாண்டில் ஈரானையும் இராக்கையும் ஆண்ட புவைஹி வம்சத்தில் எல்லாப் பெயரும் ‘தௌலா’ என்றே முடிவதால் யார் அண்ணன், யார் தம்பி என்பதே பிடிபடவில்லை என்று எழுதியிருந்தாய். அவை பட்டங்கள் மட்டுமே. சம்சாம் உத் தௌலா என்றால் ‘அரசின் வாள்’. ஆளின் பெயர் மர்சுபான். பெயர்களைத் தனிக் காகிதத்தில் வம்ச மரமாக எழுதி வைத்துக்கொண்டு படி, பாதிக் குழப்பம் தீரும்.

நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி: கண்ணைக் குருடாக்கியபின் இந்தச் சம்சாம் எப்படி ஒன்பது ஆண்டு தென் ஈரானின் ஷீராஸில் ஆண்டான்? பாக்தாதின் கலீஃபாக்களில் அல்காஹிர், அல்முத்தகீ, அல்முஸ்தக்ஃபீ என்று மூவரின் கண்கள் அதே நூற்றாண்டில் பறிக்கப்பட்டன. ஒருவரும் மறுபடி எழவில்லை. சம்சாம் எழுந்தான்.

முதலில் பங்காளி வழக்கு. சம்சாமின் தந்தை அளுத் உத் தௌலா 983 மார்ச்சில் பாக்தாதில் இறந்தார். சாவைக் கொஞ்ச நாள் மறைத்து வைத்துவிட்டு சம்சாமை அமர்த்தினார்கள். மூத்தவனுக்கே பட்டம் என்ற விதி அந்தக் குடும்பத்தில் கிடையாது. ஆளுக்கொரு மாகாணம், அதற்குள் எவன் கருவூலத்தையும் படையையும் முதலில் எட்டுகிறானோ அவன் பெரியவன். மூத்தவன் ஷரஃப் உத் தௌலா அப்போது கிர்மானில் இருந்தான். செய்தி கேட்டதும் பாக்தாதுக்கு ஓடாமல் ஷீராஸுக்கு ஓடினான் பார், அங்கேதான் அவன் சூட்டிகை. ஷீராஸைத் தலைநகராகக் கொண்ட ஃபார்ஸ் வரி கொடுக்கும் நாடு. பாக்தாத் பணத்தைத் தின்னும் ஊர். சம்சாம் தன் இரண்டு தம்பிகளை ஃபார்ஸைப் பிடிக்க அனுப்பினான். அவர்கள் போய்ச் சேருமுன் அண்ணன் உள்ளே நுழைந்துவிட்டான்.

987 தொடக்கத்தில் ஷரஃப் பாக்தாதை நெருங்கியபோது, வடக்கே மோசுலுக்கோ சித்தப்பாவிடமோ போய்விடு என்று ஆட்கள் சொன்னார்கள். சம்சாம் கேட்காமல் நேராக அண்ணனிடமே போனான். வரவேற்பு கிடைத்தது, அடுத்து விலங்கு. ஃபார்ஸில் ஒரு கோட்டையில் அடைத்தார்கள்.

கண் போன கதை விசித்திரமானது. 989இல் ஷரஃப் நோயில் கிடந்தபோது, தம்பியை விட்டுவைப்பது ஆபத்து என்று ஓர் ஊழியன் ஓத, குருடாக்க ஆள் புறப்பட்டது. அந்த ஆள் கோட்டையை எட்டுமுன் ஷரஃப் செத்துப்போனான். வந்தவனுக்குக் கை ஓடவில்லை. அலா இப்னு ஹசன் என்ற அதிகாரியிடம் கேட்டான், அவர் செய்துவிடச் சொன்னார். செத்தவனின் ஆணையை நிறைவேற்றி என் கண்ணைப் பறித்தவர் அலாதான் என்று சம்சாம் பின்னாளில் சொல்வானாம். அதே அலாதான் பிறகு அவனுக்கு முதன்மையான தளபதி! இதில் எனக்கு வியப்பில்லை. கண்ணில்லாத அமீருக்குக் கணக்கும் படையும் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும்.

எப்படி ஆண்டான் என்பதற்கு விடையும் இதில்தான் இருக்கிறது. புவைஹிப் படை இரண்டு கை: காஸ்பியன் மலைநாட்டுத் தைலமியக் காலாள், துருக்கிய அடிமைக் குதிரைப்படை. இரண்டும் ஒன்றையொன்று அரித்துக்கொண்டே இருக்கும். கோட்டை திறந்ததும் தைலமியர் சம்சாமைச் சூழ்ந்தார்கள். அவர்களுக்குத் தங்கள் இனத்து இளவரசன் ஒருவன் போதும். அவன் வாள் சுழற்ற வேண்டியதில்லை. பாக்தாதில் அமர்ந்த இன்னொரு தம்பி பஹா உத் தௌலாவைத் துருக்கியர் தாங்கினார்கள். ஒருமுறை பஹா அர்ரஜான் கருவூலத்தைப் பிடித்தபோது 10 லட்சம் தினாரும் 80 லட்சம் திர்ஹமும் கிடைத்ததாகக் கணக்கு. சிப்பாய்கள் கூச்சல் போட்டதில் அத்தனையும் பங்கீட்டில் போய்விட்டது. பிறகு உடன்படிக்கை: ஃபார்ஸும் அர்ரஜானும் அண்ணனுக்கு, குஸிஸ்தானும் இராக்கும் தம்பிக்கு. குஸிஸ்தான் ஃபார்ஸுக்கும் இராக்குக்கும் நடுவில் கிடக்கும் செழிப்பான பூமி. அந்த ஒப்பந்தம் நிற்குமா? நிற்கவில்லை. 995இல் சம்சாம் ஃபார்ஸில் இருந்த துருக்கியரைக் கொல்ல ஆணையிட்டான். ஒரு கை போயிற்று.

மறு கையையும் அவனே வெட்டிக்கொண்டான். தைலமியன் என்று பதிந்தால் சம்பளமும் நிலமும் உண்டு என்பதால் பட்டியலில் கண்டவனும் நுழைந்திருந்தான். 998இல் படைக் கணக்கெடுப்பு நடத்தி, வம்சாவளி நிரூபிக்க முடியாத ஏறத்தாழ 1,000 பேரை நீக்கினான். கணக்குப்படி சரியான வேலைதான். ஆயுதம் பழகிய ஆயிரம் பேரைச் சோறில்லாமல் தெருவில் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் யோசிக்கப்படவில்லை. முதன்மைப் படையோ அப்போது குஸிஸ்தானில். அந்த நேரம் பார்த்து, 978இல் அளுத் கொன்ற தன் சொந்தச் சித்தப்பா மகன் பக்தியாரின் பிள்ளைகள் காவலர்களை ஏய்த்துச் சிறையிலிருந்து வெளியேறி, குர்துகளைச் சேர்த்தார்கள். நீக்கப்பட்டவர்கள் அங்கே போய் நின்றார்கள். ஃபஸாவில் இருந்த மூத்த தளபதி உஸ்தாத் ஹுர்முஸிடம், சிப்பாய்களுக்குப் பணத்தை அவிழ்த்துவிடு என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள்; கை வரவில்லை, சிப்பாய்களே அவர் வீட்டைச் சூறையாடினார்கள்.

சம்சாமிடம் மிஞ்சியவர் 300 பேர். ஷீராஸ் வாசல் கோட்டைக்குள் புகப் பார்த்தான், கோட்டைக் காவலன் கதவைத் திறக்கவில்லை. குஸிஸ்தான் படையிடம் போவோம் என்ற யோசனைதான் பிழைக்கும் வழி என்பது என் எண்ணம். அவன் குர்துகளை நம்பிக் கருவூலத்தோடு போனான், அவர்கள் கொள்ளையடித்தார்கள். இரண்டு நாள் பயணத் தொலைவில் தூத்மான் என்ற ஊருக்குத் தப்பினான். ஊர்த் தலைவன் பிடித்து வைக்க, பக்தியாரின் மகன் அபூ நஸ்ர் வந்து தலையை வெட்டினான். இது உன் அப்பன் தொடங்கிய வழக்கம் என்று அந்தத் தலையைப் பார்த்துச் சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். வயது 35 ஆண்டு 7 மாதம், சந்திரக் கணக்கில்.

தேதியில் ஒரு எச்சரிக்கை. ஷரஃப் இறந்தது 988 என்று சில நூல்களில் இருக்கும். அவன் இறந்த ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டு) 379 தொடங்கியதே 989 ஏப்ரலில், ஆகவே அது தவறு. சம்சாம் கொலையுண்ட ஹிஜ்ரி 388 மட்டும் கிட்டத்தட்ட முழுவதும் 998க்குள் அடங்கும். கொலை அந்த ஆண்டின் கடைசி மாதமான துல்ஹஜ்ஜில், நவம்பர் கடைசி அல்லது டிசம்பர்.

சம்சாமின் தாயையும் விடவில்லை. ஒரு தைலமியத் தளபதி கொன்று, தன் வீட்டிலேயே புதைத்து மேலே திண்ணை கட்டினான். மறு ஆண்டு பஹா ஃபார்ஸைப் பிடித்தபோது தூத்மானைக் கொளுத்தினான். திண்ணையை இடித்து அந்த உடலை எடுத்து, புவைஹிக் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தான். ஒன்பது ஆண்டு அண்ணனோடு மல்லுக்கு நின்றவன். 1012இல் சாகும்வரை ஃபார்ஸ் பக்கமே தங்கிவிட்டான்.

மரத்தை வரைந்து அனுப்பு, பார்த்துத் திருத்துகிறேன்.

உன் பழைய நண்பன்