என் திட்டத்தைக் கெடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேலத்திலிருந்து கேமராவும் கையுமாக ஏற்காடு மலையிலுள்ள கிளியூர் அருவிக்குப் போய்வந்த 14 பேரில் நானும் ஒருவன். ஏற்பாடு செய்தவன் என்ற பட்டமும் எனக்குத்தான். படங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் எங்களைப் பாராட்டுகிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் போட்ட திட்டப்படி எல்லாம் நடந்திருந்தால் ஒரு படம்கூடத் தேறியிருக்காது. அந்தத் திட்டத்தை ஆளுக்கொரு பக்கமாகக் கெடுத்து உருப்பட வைத்தவர்கள் வேறு. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் வேன் ஓட்டிய அண்ணன். சேலம் ஐந்து ரோடு சந்திப்பிலிருந்து அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி, பொழுது விடியும்போது அருவி முன்னால் நிற்பது என்று கணக்குப் போட்டிருந்தேன். "அது பள்ளத்துக்குள்ள இருக்குதுங்க தம்பி. வெளிச்சம் கீழ இறங்கவே நேரமாகும். 20 கொண்டை ஊசியையும் இருட்டுல ஏத்தி அங்க போயி கொசு அடிக்கவா?" என்றார். சரி என்று 6 மணிக்குக் கிளம்பினோம். வழியில் இரண்டு பேருக்குக் குமட்டல். கேட்காமலே எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். பாதி மலையில் ஒரு வளைவு தாண்டி ஓரமாக நிறுத்தி, "இங்க இறங்கிப் பாருங்க" என்றார். கீழே சேலம் முழுக்கப் பனிக்குள் கிடந்தது. அந்தப் படம் என் திட்டத்திலேயே இல்லை.

அடுத்து, ஏற்காடு ஏரிக்கரைப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் அக்கா. முதலில் பகோடா பாயிண்ட் காட்சிமுனை, மதியத்துக்கு மேல் அருவி என்று சொன்னதும் கையிலிருந்த வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டார். "ராத்திரியிலிருந்து ஏரி கோடி போகுது. தண்ணி இருக்கறப்பவே போங்க." ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தானே கிளியூரில் போய் 300 அடிக்கு விழுகிறது! மே மாதத்தில் கோடை விழாவுக்கு வந்து, பாறையில் ஈரத்தடத்தை மட்டும் பார்த்துத் திரும்பிய எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அட்டைக் கடிக்கு ஒரு பொட்டலம் உப்பும் கொஞ்சம் சுண்ணாம்பும் கொடுத்து, காசு வாங்க மாட்டேன் என்றார். 7 பேர் காலை அட்டை பிடித்தது. சுண்ணாம்பு தொட்டதும் சுருண்டு விழுந்தது.

படிக்கட்டு முடியும் இடத்தில் எங்களைத் தடுத்து நிறுத்திய காவலர் ஐயாவுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும். பாறை மேல் ஏறி, தண்ணீருக்குப் பக்கத்தில் டிரைபாட் வைக்க வேண்டும் என்று அவரிடம் கால்மணி நேரம் வாதாடினேன். கொஞ்சம் குரலையும் உயர்த்தினேன். அவர் அசையவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் மேலே மழை பிடித்தது. தண்ணீர் செம்மண் நிறமாக மாறி, நான் கைகாட்டிய அதே பாறை முழுசாக முங்கியது. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அவர் நிற்கச் சொன்ன இடத்திலிருந்துதான் அருவி உச்சி முதல் அடி வரை ஒரே படத்துக்குள் அடங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களோடு வந்த ஸ்டுடியோக்கார ஐயா ஃபிலிம் காலத்திலிருந்து கல்யாணப் படம் எடுப்பவர். அருவி என்றால் கேமராவின் ஷட்டரை 10 நொடி திறந்து வைத்துப் பஞ்சு மாதிரி எடுக்க வேண்டும் என்று நாங்கள் எல்லாரும் முடிவோடு வந்திருந்தோம். "பஞ்சு வேணும்னா மெத்தைக் கடைக்குப் போலாமே" என்று சிரித்தார். ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளையை எஃப் 11 என்று வைத்தால் அந்த மேகமூட்ட வெளிச்சத்துக்கு ஷட்டர் திறப்பு 1/15 நொடி வந்தது. ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி ஃபில்டரைப் போட்டு அதை 1/2 நொடியாக்கச் சொன்னார். தண்ணீர் வழுவழுப்பானது, ஆனால் விழுகிற வேகமும் இழையிழையாகத் தெரிந்தது. ஈரப்பாறையின் பளபளப்பைப் போலரைசர் என்ற இன்னொரு ஃபில்டர் கொண்டு அடக்கினோம். பாறையின் கறுப்பு அப்போதுதான் கறுப்பாக விழுந்தது. ஃபில்டர் இல்லாத கல்லூரிப் பெண்ணொருத்தி தன் கூலிங் கிளாஸை செல்போன் லென்ஸ் முன்னால் பிடித்துக் கல்மேல் வைத்து எடுத்தாள். எங்கள் எல்லார் படத்தையும்விட அதுதான் நன்றாக இருக்கிறது. வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன்.

லென்ஸில் தெறித்த சாரலைத் துடைக்கப் பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கொடுத்தனுப்பிய என் அம்மாவுக்கும், டிரைபாட் கடன் கொடுத்த நண்பருக்கும் நன்றி. (ஒரு கால் பூட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறது. சரிசெய்து தருகிறேன்.) பூஞ்சை பிடித்த லென்ஸை வாடகைக்குத் தந்த கடைக்கு நன்றி கிடையாது.

கடைசியாக, திரும்பும் வழியில் காபித் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த அக்காமார்கள். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே, இடுப்பில் பை கட்டி, சிவந்ததை மட்டும் பார்த்துப் பறிக்கிற அந்தக் கைகள்! படம் எடுக்கலாமா என்று கேட்டோம். "எடு கண்ணு. ஆனா போன்ல அனுப்பறேன்னு சொல்லிட்டுப் போயிடாத, காயிதத்துல போட்டுக் குடு" என்றார் மூத்தவர். 11 படங்கள் பிரிண்ட் போட்டு டீக்கடை அக்காவிடம் கொடுத்துவிட்டோம். 10 போய்ச் சேர்ந்துவிட்டன. ஒரு பாட்டியின் படம் மட்டும் திரும்பி வந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாராம், வேறு எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

பாட்டி, பழம் பறித்து முடிவதற்குள் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
14 பேர் சார்பாக, ஏற்பாடு செய்தவன்
சேலம்