கோட்டின் நடுவே ஒரு பள்ளம்: கடன் சங்க விருதுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கடன் சங்கங்களிலும் அவற்றின் கூட்டமைப்புகளிலும் விருதுக்கு ஆள் தேர்வு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். விருது வாங்கியவன் இல்லை, வாங்கும் தகுதியும் இல்லை. உறுப்பினர்களே பணம் சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் ஒரு கடன் சங்கத்தில் சாதாரண உறுப்பினராகச் சேர்ந்தேன். பொதுக்குழுவில் கடன் குழுவுக்கு ஆள் கேட்டபோது எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் கொஞ்சம் தாமதமாகக் குனிந்ததால் மாட்டிக்கொண்டேன். அப்படி உட்கார்ந்தவன் ஆறு வருடம் எழுந்திருக்கவில்லை. அந்த ஆறு வருடம் கடன் விண்ணப்பங்களைப் படித்தவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

உங்களைப் போன்ற ஒரு குழு நடத்திய பாராட்டு விழாவுக்குப் போயிருந்தேன். 31 வருடம் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு அன்று விருது. பெரிய திரையில் ஒரு வரைபடம் போட்டார்கள். அவர் பொறுப்பேற்ற வருடத்தில் தரையோடு ஒட்டிக் கிடந்த கோடு, ஓய்வு பெற்ற வருடத்தில் திரையின் உச்சியைத் தொட்டது. சொத்து இவ்வளவு, உறுப்பினர் இத்தனை பேர், கிளைகள் இத்தனை. கைதட்டல். அப்புறம் கேடயம். ஏற்புரைக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "அந்தக் கோட்டின் நடுவில் ஒரு பள்ளம் இருந்ததே, பார்த்தீர்களா?" என்று கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை. எல்லோரும் திரும்புவதற்குள் திரையில் அடுத்தவரின் படம் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நன்றி சொல்லி இறங்கிவிட்டார்.

விழா முடிந்து வெளியே வண்டிக்குக் காத்திருந்தவரிடம் போய், அது என்ன பள்ளம் என்று கேட்டேன்.

அவருடைய சங்க உறுப்பினர்களில் பெரும்பாலானோர் வேலை பார்த்த ஆலை ஒரு வருடம் திடீரென்று மூடப்பட்டதாம். கடன் சங்கத்தின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. ஒரே இடத்தில் வேலை செய்பவர்கள், ஒரே வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் சேர்ந்து தொடங்குவதால் ஒருவரை ஒருவர் தெரியும், யாரை நம்பலாம் என்றும் தெரியும். ஆனால் அடி விழுந்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் விழும். சம்பளப் பிடித்தம் நின்றது, தவணை நின்றது, சேமிப்பை எடுக்க வாசலில் வரிசை நின்றது. உடனே நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் சிலர் குதித்தார்கள். இவர் பேரேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார். எல்லோரிடமும் கேட்டது இரண்டே கேள்விதான்: மாதம் எவ்வளவு முடியும், எந்த மாதத்திலிருந்து முடியும். பதிலைப் பென்சிலால் குறித்துக்கொண்டாராம். ஏன் பென்சில் என்றேன். "பேனாவில் எழுதினால் சத்தியம் பண்ணின மாதிரி ஆகிவிடும். தவறிப்போனால் என் கண்ணில் படாமல் ஒளிவார்கள். பென்சில் என்றால் தைரியமாக வந்து, சார் கொஞ்சம் மாற்றி எழுதுங்கள் என்று கேட்பார்கள்" என்றார்.

அந்த வருடம் பங்கு ஈவு கிடையாது. பொதுக்குழுவில் கூச்சல், ஒருவர் நாற்காலியைத் தூக்கிவிட்டாராம். மூன்று வருடத்தில் கோடு மறுபடி மேலே ஏறியது. கடைசிவரை வராமல் போன கடன் எத்தனை என்று கேட்டேன். விரல் மடக்கி எண்ணினார், இரண்டு கையும் தேவைப்பட்டன. "இதில் இரண்டு பேர் செத்துப்போனார்கள், அவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது" என்று இரண்டு விரலை நிமிர்த்திக்கொண்டார்.

31 வருட உழைப்பின் கனம் முழுக்க அந்தப் பள்ளத்தில் கிடந்தது. விருது மேட்டுக்குப் போனது. என் வருத்தம் இவ்வளவுதான், மீதியெல்லாம் இதற்கு விளக்கம்.

உங்கள் படிவங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். முதல் கட்டமே சொத்து வளர்ச்சி எத்தனை சதவீதம் என்று கேட்கிறது. இந்தப் படிவத்தை இந்த இயக்கத்தைத் தொடங்கியவர்களிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் ஜெர்மனியில் சின்னச் சின்ன ஊர்களுக்கு மேயராக இருந்தவர். 1846–47 குளிர்காலப் பஞ்சத்தில் வசதியானவர்களிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்க வழி செய்தார். அதைத் தொடர்ந்து தொடங்கிய உதவிச் சங்கங்களும் பணக்காரர்களின் இரக்கத்தை நம்பியே நடந்தன. இரக்கம் சில வருடங்களில் களைத்துப்போகும் என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டார். கடன் வாங்குகிறவர்களே உறுப்பினராகவும் பொறுப்பாளியாகவும் இருந்தால்தான் நிற்கும் என்ற முடிவுக்கு வந்து, ஹெடெஸ்டார்ஃப் என்ற ஊரில் 1864இல் அந்த அடிப்படையில் கடன் சங்கம் அமைத்தார். கிட்டத்தட்ட 18 வருடத் தவறுகளுக்குப் பிறகு வந்த ஞானம் அது. அடுத்த வருடமே உடல்நலக் குறைவால் மேயர் பதவியை விட்டார். கண்பார்வை மங்கிக்கொண்டே போக, மகள் அமாலியின் துணையோடுதான் எழுத்து வேலை நடந்தது. சங்கத்தை நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்கக் கூடாது, கணக்கு எழுதுபவருக்கு மட்டும் ஏதாவது கொடுக்கலாம் என்பது அவர் விதி. வயிற்றுப்பாட்டுக்கு அவர் ஒயின் வியாபாரம் பார்த்தார். உங்கள் முதல் கட்டத்தில் இவர் என்ன எழுதியிருப்பார்?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் லெவி என்ற ஊர்க்காரர் அல்ஃபோன்ஸ் டெஜார்டின். ஒட்டாவா நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் பேசுவதைப் பிரெஞ்சில் குறிப்பெடுக்கும் வேலை. 1897இல் கந்துவட்டிக் கொடுமை பற்றி ஒரு உறுப்பினர் பேசியதைக் குறித்துக்கொண்டிருந்தவர், அதை அதோடு விட முடியாமல் ஐரோப்பியக் கூட்டுறவுக் கடன் முறைகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார், அங்கிருந்தவர்களோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டார். 1900 டிசம்பரில் சங்கம் பிறந்தது. அடுத்த மாதம், ஜனவரி 23ஆம் தேதி, முதல் நாள் வசூல் 26 டாலர் 40 சென்ட். ஒரு பங்கு 5 டாலர், அதை வாரம் பத்து சென்ட் வீதம் கட்டலாம். பத்து சென்ட்டை வாங்கி, எண்ணி, எழுதி, ரசீது கொடுக்க ஆகும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். எந்த வங்கி அந்த நேரத்தைச் செலவழிக்கும்?

சரி, அந்தப் பத்து சென்ட்டுகளை எண்ணியது யார்? நாடாளுமன்றம் கூடும் மாதங்களில் டெஜார்டின் ஒட்டாவாவில் இருந்தார். சங்கம் அவர் வீட்டில் இயங்கியது. அவர் ஊரில் இல்லாதபோது அதைத் தாங்கி நடத்தியது மனைவி டோரிமேன். வீட்டில் பிள்ளைகள், மேசையில் பேரேடு. பதவிப் பெயர் ஒன்றும் பெரிதாகக் கிடையாது. கியூபெக்கில் இதற்கான சட்டம் 1906இல்தான் வந்தது. அதுவரை சங்கம் கவிழ்ந்தால் குடும்பமும் சேர்ந்து கவிழும் என்ற நிலை. டோரிமேனை இணை நிறுவனர் என்று அழைக்க ஆரம்பித்ததெல்லாம் மிகப் பின்னால். கணவர் 1920இல் இறந்தார், இவர் 1932இல். பாராட்டு காதில் விழாத காலத்தில்தான் பாராட்டு வந்தது.

இதைச் சொல்லும்போது உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. நாங்களும் அப்படித்தான். எங்கள் சங்கச் சுவரில் வரிசையாகத் தலைவர்களின் படம் மாட்டியிருக்கிறது. கணக்கு எழுதிய ஒருவரின் படம்கூட இல்லை. ஆறு வருடம் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

இன்னொரு பழைய விஷயமும் ஞாபகம் வருகிறது. ஐரோப்பாவின் கடன் சங்கங்களை ஆராய்ந்து வரச் சொல்லி ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியைச் சென்னை மாகாண அரசு 1892இல் நியமித்தது. 1895இலும் 1897இலும் வந்த அவருடைய நீண்ட அறிக்கையின் சாரம் இரண்டே சொல்: ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள். சட்டத்தை எழுதிவிடலாம், துணை விதிகளை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பார்த்து எழுதிவிடலாம், ஆள் கிடைத்தால்தான் வேலை நடக்கும் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1907இல் இந்தியாவில் பயணம் செய்த பாஸ்டன் வணிகர் எட்வர்ட் ஃபைலீன் இந்தச் சங்கங்களைப் பார்த்தார், ஊருக்குப் போய் அதே வேலையில் இறங்கினார். அவருடைய மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடன் சங்கச் சட்டம் 1909இல் வந்தது. 1921 முதல் அவர் பணத்தில், ராய் பெர்கென்கிரென் என்ற வக்கீல் மாநிலம் மாநிலமாக அலைந்து சட்டம் கொண்டுவர வைத்தார். 1934 ஜூன் 26 அன்று, நாடு முழுவதற்குமான கடன் சங்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். மேற்கிலிருந்து கிழக்குக்கு வந்த சரக்கு என்றே இதை எல்லோரும் நினைக்கிறோம். ஒரு நடை கிழக்கிலிருந்தும் போயிருக்கிறது.

விருதின் வேலை நிக்கல்சன் சொன்னதுதான் என்பது என் கட்சி. ஓய்வு பெறுகிறவரை வழியனுப்புவது அதில் பாதிதான். கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இருபத்தைந்து வயது எழுத்தருக்கு, இந்த வேலையில் ஒரு ஆயுளைப் போடலாம் என்று தோன்ற வேண்டும். வரைபடத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அந்தக் கோட்டை எந்த வங்கியும் இன்னும் உயரமாக வரைந்து காட்டும். பென்சில் கதையைக் கேட்டால் தோன்றலாம். ஜான் ஹியூம் வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் 1960இல் கடன் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர், அப்போது வயது 23. பிற்பாடு 1998இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கினார். அதற்குப் பிறகும், தான் செய்தவற்றிலேயே அதிகம் பெருமைப்படுவது கடன் சங்க வேலையைத்தான் என்று சொல்லிவந்தார். உலகமே தெரிந்துவைத்திருந்த ஒரு மனிதர் அப்படிச் சொன்னார் என்றால், அந்த வேலைக்குள் வரைபடத்தில் வராத ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் லூயிஸ் ஹெரிங் என்ற பெண்மணி சுமார் 500 கடன் சங்கங்கள் தொடங்க உதவினார். ஒரு சங்கத்தைப் பெரிதாக்கிக் காட்டியவர்களை நாம் மேடையில் ஏற்றுகிறோம். அவரோ ஒன்றைத் தொடங்கி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கப் போய்க்கொண்டே இருந்தார்.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். ஒரே நாற்காலியில் கால் நூற்றாண்டு என்பதைத் தகுதியாக எழுதுகிறீர்கள். எனக்கு அதைப் படித்தவுடன் சந்தேகம்தான் வருகிறது. ஆயிரம் பங்கு வைத்திருந்தாலும் ஒரே ஓட்டு என்பதுதான் கடன் சங்கத்தின் உயிர். அந்த ஓட்டைப் போட்டு யாரையாவது மாற்ற முடிந்ததா என்றும் பாருங்கள். போட்டியே இல்லாமல் ஏழு தேர்தலில் ஜெயித்தவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் போன மறுமாதம் லாக்கர் சாவி எங்கே இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. தனக்குப் பின்னால் இரண்டு பேரைத் தயார் செய்துவிட்டுப் பத்தாவது வருடம் சாதாரண உறுப்பினராகப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தவர் இருந்தால், அவரைத் தேடிப்பிடித்து மேடை ஏற்றுங்கள்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. கேடயத்தைச் சின்னதாக்கி, இரண்டு நிமிடத்தை இருபது நிமிடம் ஆக்குங்கள். பள்ளத்தைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து புதிய நிர்வாகக் குழுக்களுக்குக் கொடுங்கள். எந்தக் கடனைக் கொடுக்காமல் விட்டீர்கள் என்றும் கேளுங்கள். ஆண்டறிக்கையில் வராத வேலை அது.

எங்கள் பொருளாளரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். ஒரு விண்ணப்பம் வந்தது. சேமிப்பு இருக்கிறது, ஜாமீன் இருக்கிறது, பழைய கடன் ஒழுங்காக அடைந்திருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த அம்மா மட்டும் தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு இருந்தார். "இது அவர் கையெழுத்து, ஆனால் எழுதினது அவர் இல்லை" என்றார். பத்து வருடமாக அந்த மனிதர் நிரப்பும் பணம் கட்டும் சீட்டுகளைப் பார்த்தவர், எழுத்து தெரியாதா? ஆளைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். உறவுக்காரர் ஒருவர் தன் கடனை அடைக்க இவர் பெயரில் வாங்கச் சொல்லி நெருக்கியிருக்கிறார். சங்கம் மறுத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளுங்கள், பழி எங்கள் மேல் இருக்கட்டும் என்று அனுப்பிவைத்தார். வாசல்வரை அந்த மனிதர் சத்தம் போட்டுக்கொண்டே போனார், அது வெளியே நின்ற உறவுக்காரருக்காக. அடுத்த வாரம் வழக்கம்போல வந்து சேமிப்பில் பணம் கட்டினார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அம்மா நோட்டுகளை ஒரே பக்கமாகத் திருப்பி, இரண்டு தடவை எண்ணி, சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

இந்த வருடப் படிவத்தில் அவர் பெயரை எழுதியிருக்கிறேன். தனக்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டார், அதனால் உறுப்பினர்கள் மூன்று பேர் போட்டிருக்கிறோம். பணி விவரம் எழுத நீங்கள் கொடுத்திருந்த நான்கு வரி போதவில்லை, தனித்தாள் இணைத்திருக்கிறேன். சொத்து வளர்ச்சி என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன். பென்சிலில்.

இப்படிக்கு,
கடன் குழுவின் முன்னாள் உறுப்பினர் ஒருவர்