மொட்டை மாடியும் பனையோலை விசிறியும்

கும்பகோணம்
சனிக்கிழமை இரவு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். அப்பாவின் முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது; காலையில் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறார். வாரந்தோறும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைக்கலாம். சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருந்தால், குழந்தையின் முன்னால் அது வாக்குவாதமாகப் போயிருக்கும். நிதானமாகச் சொல்ல வேண்டியதை எழுதிச் சொல்வதுதான் எனக்குப் பழக்கம். எழுதி முடித்ததும் அப்பா இதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்.

அன்று நீ உன் மகளிடம் நம் பழைய வீட்டு மொட்டை மாடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். மின்சாரம் போன கோடை இரவுகளில் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறியது, பக்கத்து வீட்டுப் பாட்டி கதை சொன்னது, கைப்பிடிச் சுவரோரம் படுத்து நட்சத்திரம் எண்ணியது, வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்கத் தொலைக்காட்சி இருந்த வீட்டில் தெருவே கூடியது என்று ஆசையாகச் சொன்னாய். கேட்க எனக்கும் இனிமையாகவே இருந்தது. கடைசியில், "அதெல்லாம் இனி யாருக்கும் கிடைக்காது, எங்கள் காலத்தோடு எல்லாம் போய்விட்டது" என்று முடித்தாய். உடனே குழந்தை திரையில் என்னைப் பார்த்து, "பாட்டி, நான் பிறப்பதற்கு முன்னாலேயே நல்லதெல்லாம் முடிந்துபோய்விட்டதா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல், சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிவிட்டேன். இந்த ஒரு வாரமாக அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

அந்த மொட்டை மாடி எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. 1994-ஆம் ஆண்டுக் கோடை. உனக்கு ஒன்பது வயது. மாலையில் எத்தனை வாளி தண்ணீர் தெளித்தாலும் தரையின் சூடு பாயைத் தாண்டி முதுகில் ஏறும். உனக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. காற்று நின்றால் புரண்டு புரண்டு அழுவாய். வலக்கை ஓய்ந்தால் இடக்கை, இடக்கை ஓய்ந்தால் வலக்கை என்று பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே இருப்பேன். ஓலை பிரிந்து உன் முகத்தைக் கீறிவிடக் கூடாது என்று, என் பழைய நூல் புடவையின் பச்சைக் கரையைக் கிழித்து விசிறியின் விளிம்பைச் சுற்றித் தைத்திருந்தேன். அந்த விசிறி இன்றும் சமையலறை ஆணியில் தொங்குகிறது. பிடியில் என் கட்டைவிரல் பதிந்த இடம் மட்டும் கருத்து வழவழவென்று இருக்கிறது. இரண்டு மணிக்கு மேல்தான் நீ அயர்ந்து தூங்குவாய். நான்கு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். அதற்குள் குடத்தை வரிசையில் வைக்காவிட்டால் அன்றைய சமையலுக்கே தண்ணீர் இராது. உன் அப்பா வேலை பார்த்த இடத்தில் ஏழு மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்திருந்த ஆண்டும் அதுதான். என் வளையல்கள் அடகுக் கடையில் இருந்தன. நீ நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் நான் வட்டியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதைச் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை, கண்ணா. உன் நினைவில் அந்த இரவுகள் இனிமையாக நிற்பதுதான் எனக்குக் கிடைத்த பலன். அவை கடினமான இரவுகள் என்று உனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நாங்கள் அத்தனை பாடும் பட்டோம். நீ நினைவில் வைத்திருப்பதும் உண்மை, நான் நினைவில் வைத்திருப்பதும் உண்மை. ஒரே மாடி, ஒரே இரவு. ஆனால் உனக்கு அன்று கிடைத்த நிம்மதியை அந்த ஆண்டுகள் தந்ததாக நீ நினைப்பதுதான் சரியல்ல என்கிறேன்.

இந்தத் தவற்றை நானும் வெகுகாலம் செய்திருக்கிறேன். வகுப்பில் பாடத்துக்கு நடுவே என் அரசலாற்றுக் கதையைக் கேட்காத மாணவியே இருந்திருக்க மாட்டாள். பத்து வயதில், 1966 வாக்கில், ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் சித்ரான்னங்களோடு உட்கார்ந்தது, அண்ணன்கள் மரக்கிளையிலிருந்து குதித்தது, சப்பரம் இழுத்தது என்று சொல்லிக்கொண்டே போவேன். ஒருநாள் வீட்டிலும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் அம்மா கையை நிறுத்திவிட்டு, "அந்த வருஷத்தையா நல்ல வருஷம்ங்கிறே?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை; என்னால் நம்ப முடிகிறதா என்று பார்ப்பது போல இருந்தது.

பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாட்டில் அடுத்தடுத்து மழை பொய்த்த ஆண்டுகள் அவை. 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒருவேளை உணவைத் தவிர்க்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். 1966-இல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. மறு ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற வாக்குறுதி இந்த மாநிலத்தையே புரட்டிப் போட்டது என்றால், அரிசிக்காக மக்கள் எப்படித் தவித்திருக்க வேண்டும்! நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய தஞ்சையிலும், சொந்த நிலம் இல்லாத எங்களைப் போன்ற வீடுகளில் கோதுமையை உடைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். வெல்லம் போட்டு அம்மா அதைக் கொடுத்ததால், அதை நாங்கள் பண்டிகைப் பலகாரமாகவே நினைத்தோம். அம்மா கடைசியில் சாப்பிட உட்காரும்போது பாத்திரத்தில் என்ன மிச்சமிருந்தது என்று நாங்கள் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

அவர் பெற்றது ஆறு, தங்கியது நான்கு. எனக்கு மூத்த அக்கா ஒருத்தி மூன்று வயதில் பெரியம்மையில் போனாள். எனக்குப் பின் பிறந்த தம்பி நாற்பது நாள்கூட இருக்கவில்லை. என் இடக்கையில் நாலணா அகலத்தில் இருக்கும் தழும்பைச் சிறுவயதில் தடவித் தடவிப் பார்ப்பாயே, அது அம்மை குத்திய தழும்பு. உன் தோளில் இருப்பது காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை யாரையும் தொடவில்லை. 1980-இல் உலகத்தை விட்டே அது போய்விட்டதாக அறிவித்தார்கள். உன் மகளின் கையில் அம்மைத் தழும்புக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. 1971-இல் நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஓர் ஆண்டுகூட வாழவில்லை, 1990-இல் அது 80, 2020-இல் 28. இந்த எண்களைப் பார்க்கும்போது எனக்கு நாற்பது நாள் தம்பியின் தூளிதான் நினைவுக்கு வருகிறது. போன உயிர்கள் வந்து, "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்று சொல்வதில்லை. பிழைத்தவர்கள்தான் சொல்கிறோம்.

மனம் ஏன் இப்படிச் செய்கிறது என்று ஓய்வு பெற்ற பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். கசப்பான நிகழ்ச்சி நினைவில் இருந்தாலும் அதன் கசப்பு விரைவில் மங்கிவிடுகிறது, இனிய நிகழ்ச்சியின் இனிமை அவ்வளவு விரைவில் மங்குவதில்லை என்று உளவியலார் கண்டிருக்கிறார்கள். முதுமையில் திரும்பிப் பார்க்கும்போது பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவையே மற்றக் காலத்தைவிடத் திரளாக நினைவுக்கு வருகின்றனவாம். ஆகவே உனக்குத் தொண்ணூறுகளும் எனக்கு அறுபதுகளும் பொற்காலமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. உன் மகளுக்கு அது இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

நீ இருக்கும் ஜெர்மனிக்குப் பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், 1688-இல் யோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரை விட்டு வந்தவர்களின் ஏக்கத்தை ஒரு நோயாகவே எடுத்துக்கொண்டு ஆய்வேடு எழுதினார். ஜெர்மன் மொழியில் அதற்கு வழங்கிய 'ஹைம்வே' என்ற சொல்லைக் கிரேக்கத்தில் பெயர்த்து 'நாஸ்டால்ஜியா' என்று பெயரிட்டவர் அவர்தான். அந்தச் சொல் முதலில் குறித்தது ஊரைத்தான். காலத்தைக் குறித்தது பின்னால் வந்த பொருள். மியூனிக்கில் பனி கொட்டும் மாலையில், நான்கு மணிக்கே இருட்டிவிட்டது என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும். நீ தேடுவது 1994-ஐயா, எங்களையா? எங்களைத்தான் என்றால், நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம்.

புறநானூற்றில் 243-ஆம் பாட்டை முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். மருதமரக் கிளையிலிருந்து மடுவில் துடுமெனப் பாய்ந்து, அடியிலிருந்து மணலை அள்ளி வந்து காட்டிய இளமை எங்கே போயிற்று என்று ஒரு முதியவர், கைத்தடியை ஊன்றி, இருமலுக்கு இடையே சில சொற்களாகக் கேட்கிறார். அவர் பெயரே நமக்குத் தெரியாது. அந்தக் கைத்தடியைச் சொன்ன சொற்களைக் கொண்டு தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். உலகம் கெட்டுவிட்டது என்றோ, இன்றைய பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றோ அந்தப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. போனது தன் இளமை என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. வருடா வருடம் அதைச் சொல்லிக் கொடுத்தும், அரசலாற்றுக் கதையைச் சொல்லும்போது அந்தத் தெளிவு எனக்கு வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதை எழுதாமல் விட்டால் கடிதம் பாதியாகிவிடும். அந்தக் காலத்தில் கூலி இவ்வளவு மலிவு, நெல் இவ்வளவு மலிவு என்று பேசுவதைத் திண்ணைகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய நம் தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேரை உள்ளே வைத்தே எரித்தார்கள். வயலில் உழைத்த தாழ்த்தப்பட்ட குடும்பத்தினர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. என் அரசலாற்றுக் கதையும் அந்தக் குடிசையும் ஒரே ஆண்டுகளில், ஒரே காவிரிப் பாசனத்தில் இருந்தவை.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊர்ப் பக்கத்தில் நடவு நட்டே முதுகு வளைந்த ஒரு மூதாட்டியைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். பேத்தி செவிலியராக இருக்கிறாளாம். அவளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் நான், "அந்தக் காலம் மாதிரி வருமா, அம்மா?" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அது வரவே வேணாம் தாயி" என்றார். தேநீர்க் கடையில் தனிக் குவளையில் குடித்த கைகள் அவை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆயிற்று. அன்றிலிருந்து அந்தச் சொற்றொடரை நான் கவனமில்லாமல் சொல்வதில்லை.

உன் தொண்ணூறுகளையும் அப்படிப் பார். பெண் சிசுக்களைக் கொல்ல வேண்டாம், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று அரசே 1992-இல் சேலத்தில் தொட்டில் வைத்த காலம் அது. கீற்றுக் கொட்டகை வகுப்பு எவ்வளவு குளுகுளுவென்று இருக்கும் என்று நீ அடிக்கடி சொல்வாய். அதே போன்ற கொட்டகை வேய்ந்த பள்ளியில்தான், 2004 ஜூலை 16 அன்று, இதே ஊரில், மதிய உணவு சமைத்த இடத்துத் தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் போனார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கூரைக் கொட்டகைகளை அகற்றச் சொன்னார்கள். உன்னை ஐந்து ஆண்டுகள் நான் அப்படிப்பட்ட கூரையின் கீழ் அனுப்பினேன். ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

இதனால் போனது எதுவுமே நல்லதல்ல என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அரசலாறு போய்விட்டது, அது என் மனத்தின் மயக்கம் அல்ல. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் திறக்க முடியவில்லை. இடுப்பளவு மணல் இருந்த இடத்தில் இன்று ஆகாயத்தாமரையும் சாக்கடையும் தேங்கி நிற்கின்றன. இதற்கு நான் கோபப்படுவேன், மாநகராட்சிக்கு மனு எழுதுவேன், எழுதிக்கொண்டும் இருக்கிறேன். ஆறு கெட்டது என்று சொன்னால், மணல் அள்ளியதையும் கழிவு விட்டதையும் கேட்கலாம், நிறுத்தலாம். காலமே கெட்டுவிட்டது என்று சொன்னால் யாரிடம் போய்க் கேட்பது? மாடியில் தெருவே கூடிப் படுத்ததும் அப்படித்தான். அந்தக் கூட்டம் உனக்கு வேண்டுமென்றால், உன் குடியிருப்பில் இருப்பவர்களை ஓர் இரவு உணவுக்குக் கூப்பிடலாம். அதற்கு மின்வெட்டு வேண்டியதில்லை.

நாளை நீ அழைக்கும்போது குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். மொட்டை மாடிக் கதையை மறுபடியும் சொல். நீ நிறுத்தும் இடத்திலிருந்து நான் தொடர்கிறேன். வேர்க்குருவையும் நான்கு மணிக் குழாயையும் சொல்லி, விசிறியையும் எடுத்துக் காட்டுகிறேன். அவள் கேட்டதற்கு இல்லை என்றே பதில் சொல்லப் போகிறேன், உன் முன்னாலேயே. பிறகு அவளுடைய பள்ளியில் இந்த வாரம் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். சென்ற வாரம் அவள் சொல்ல வந்ததை நாம் இருவரும் கேட்கவே இல்லை.

ஆடிப்பெருக்குக்கு உங்களால் வர முடியாது என்று தெரியும். ஆவணியில் வாருங்கள். விசிறியின் கரை ஓரிடத்தில் தையல் விட்டிருக்கிறது. அவள் கையில் கொடுப்பதற்கு முன் அதைத் தைத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா