கூந்தன்குளம் பற்றி நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சுந்தரத்திற்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். கடைசிப் பத்தியில் நீ கேட்டிருந்த கேள்விதான் அன்று முதல் என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வடக்கிலிருந்து இத்தனை பறவைகள் வந்து இறங்கினால், இங்கேயே வாழும் பறவைகளுக்கு இரை எப்படிப் போதும்? அதை மனத்தில் வைத்துக்கொண்டே இந்த மார்கழியில் திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய் வந்தேன்.

இரை போதுவதற்கு, வடகிழக்குப் பருவமழையில் நம் குளங்கள் பெருகும் சமயத்தில்தான் அந்தப் பறவைகள் வருகின்றன என்பது ஒரு காரணம். மற்றொன்று அலகின் நீளம். ஒரே கரையில் நின்றாலும் கொசு உள்ளான் சேற்றின் மேற்பரப்பைக் கொத்துகிறது. கருவால் மூக்கன் தன் நீண்ட அலகை ஆழமாக இறக்கி அடியிலுள்ள புழுக்களை எடுக்கிறது. ஊசிவால் வாத்து கவிழ்ந்து கழுத்தை நீட்டி எட்டும் ஆழம், குட்டையான நீலச்சிறகிக்கு எட்டாது.

ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தவை நாமக்கோழிகளும் நாமத்தலை வாத்துகளும்தான். நாமக்கோழி மூழ்கி, குளத்தின் அடியில் வளரும் பாசியையும் நீர்ச்செடிகளையும் வாய்நிறைய இழுத்துக்கொண்டு மேலே வரும். நாமத்தலை வாத்து அந்த ஆழத்துக்கு மூழ்கி இரை தேடும் பறவையன்று. ஆகவே அருகிலேயே மிதந்து காத்திருந்து, சிதறும் துணுக்குகளைப் பொறுக்குகிறது, சில வேளைகளில் அலகிலிருந்தே பறித்தும் கொள்கிறது. பறிகொடுத்த கோழி ஒரு முறை சீறித் துரத்திவிட்டு மறுபடியும் மூழ்குகிறது. இதை வெறும் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோழி உழைக்காவிட்டால் அந்த ஆழத்துச் செடி வாத்துக்கு உணவாகவே ஆகியிராது.

சின்னக் கொக்குகளும் இப்படித்தான். நீர்க்காகங்கள் கூட்டமாக மீன்களை விரட்டிச் செல்லும்போது, கலவரப்பட்டு ஆழமற்ற பகுதிக்கு ஓடிவரும் மீன்களை அவை ஓட்டமும் நடையுமாகத் தொடர்ந்து பிடிக்கின்றன.

சேற்றுப் பூனைப்பருந்து வந்தால் இந்தக் கணக்குகள் எல்லாம் மாறிவிடுகின்றன. முதலில் ஆள்காட்டிப் பறவை கத்துகிறது. அந்தக் குரலுக்கு அதன் இனம் மட்டுமன்றி உள்ளான்களும் வாத்துகளும் ஒருசேர எழும்புகின்றன. சற்றுமுன் துரத்திக்கொண்டிருந்த நாமக்கோழிகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒரே திரளாகின்றன. பருந்து தாழப் பறந்து, எழும்பத் தாமதிக்கும் நலிந்த பறவையைத்தான் தேடுகிறது. பல கண்கள் சேர்ந்து காவல் காக்கும் குளத்தில் அதற்குப் பெரும்பாலும் ஏமாற்றமே. தனக்கென்று ஆள்காட்டி எழுப்பும் கூச்சலில் எத்தனை உயிர்கள் பிழைக்கின்றன என்று எண்ணிப் பார். வலசை வரும் பறவைகளைக் கூடுதல் வாய்கள் என்று மட்டும் நினைக்காதே. அவை கூடுதல் கண்களும்கூட.

போட்டி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நீர் வற்றி, இரை ஒரு மூலையில் குவியும் நாட்களில் பூசல் மிகும் என்றே நினைக்கிறேன். அதை உன்னோடு சேர்ந்து பார்க்க வேண்டும். மாசி மாதம் வந்துவிடு. வரித்தலை வாத்துகள் வடக்கே திரும்புவதற்கு முன் அவற்றையும் பார்த்துவிடலாம். உன் தொலைநோக்கியை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
முத்தையா