அந்த விசில் எதற்கென்று எங்களுக்கும் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருச்சி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். பிறவியிலேயே பார்வை இல்லை. சினிமா என்றால் எனக்கு உயிர். "படம் கேட்டேன்" என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை, "பார்த்தேன்" என்றுதான் சொல்வோம், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பேசிப் பழக்கம். உங்கள் பத்திரிகையில் வாரா வாரம் வரும் திரை விமர்சனங்களை மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பவன் நான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பொங்கல் விடுமுறையில் மகளோடு ஒரு புதுப்படத்துக்குப் போயிருந்தேன். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பு வசனம் நின்றுபோனது. மழைச் சத்தம், யாரோ ஈரத் தரையில் செருப்போடு நடக்கும் சத்தம், இசை மெல்ல மெல்ல ஏறுகிறது, திடீரென்று அரங்கமே விசிலடித்துக் கைதட்டுகிறது. பின்வரிசையில் ஒருவர் இருக்கை படாரென்று மடங்கும்படி எழுந்து நின்று கத்துகிறார். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். அவள் என் காதோடு, "அந்தப் பெரியவர் சட்டைக் கையை மடிச்சார்ப்பா, முழங்கைகிட்ட அந்தப் பச்சை குத்தினது இருக்கு, அப்போ செத்துப்போயிட்டதாச் சொன்ன அண்ணன் இவர்தான்" என்று சொல்லி முடிப்பதற்குள் விசில் அடங்கி அடுத்த காட்சி பாதி ஓடிவிட்டது. முன்வரிசைக்காரர் திரும்பி, "பேசறதா இருந்தா வீட்டுல போய்ப் பேசிக்கங்கம்மா" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் என் மகள் வாயே திறக்கவில்லை. மீதிக் கதையைப் பேருந்தில் சொன்னாள். சொல்லிவிட்டு, "உங்களுக்குச் சொல்லிட்டே இருந்ததுல அந்த இடத்தை நானும் சரியாப் பார்க்கலப்பா" என்றாள். அவளுக்குப் பதினாறு வயது. விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னோடு பார்த்த எந்தப் படத்தையும் அவள் முழுசாகப் பார்த்ததில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

நான் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். ஒரு முழுப்படத்தைச் சுருக்கி வசனமும் பாட்டுமாக ஒலிபரப்புவார்கள், இருபது முப்பது பையன்கள் ஒரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் கதை வசன கேசட்டுகளைக் குழாய் ஒலிபெருக்கியில் போட்ட காலம் அது. பழைய தமிழ்ப் படங்களில் கதையைத் தூக்கிச் சுமந்தது வசனம்தான். ஒருவர் அழுதால் ஏன் அழுகிறேன் என்றும் சொல்லிவிடுவார், வாசலில் யாராவது வந்து நின்றால் இன்னார் வந்திருக்கிறார் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இன்றைக்கு நல்ல இயக்குநர்கள் வசனத்தைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, கலை வளர்ந்தால் அப்படித்தான் வளரும். ஆனால் அதில் ஒரு விஷயம் யார் கண்ணிலும் படாமல் போகிறது: எந்தப் படத்தைக் காட்சிமொழியின் உச்சம் என்று எல்லோரும் கொண்டாடுகிறீர்களோ, அந்தப் படத்தில்தான் எங்களுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. சினிமா முன்னேற முன்னேற நாங்கள் அதிலிருந்து தள்ளிப் போகிறோம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. காட்சி வர்ணனை என்று ஒன்று இருக்கிறது. இரண்டு வசனங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில், திரையில் நடப்பதை ஒரு குரல் சுருக்கமாகச் சொல்லும். அந்தக் குரல் அரங்கத்தில் ஒலிக்காது, தேவைப்படுகிறவர் காதில் மட்டும் கேட்கும். இதற்கென்று எக்ஸ்எல் சினிமா, மூவிபஃப் ஆக்சஸ் போன்ற செயலிகள் வந்துவிட்டன. படத்துக்கான வர்ணனை ஒலியை வீட்டிலேயே ஃபோனில் இறக்கிக்கொண்டு போய் இயர்ஃபோனை மாட்டி உட்கார்ந்தால் போதும், ஃபோனின் மைக் அரங்கத்தின் ஒலியைக் கேட்டு, படம் எந்த இடத்தில் ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அதற்குச் சரியாக வர்ணனையை ஓடவிடும். திரையரங்கக்காரர் புரொஜெக்டரில் ஒரு திருகைக்கூடத் திருப்ப வேண்டியதில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. வங்கியில் வேலை செய்யும் என் நண்பர், அவருக்கும் பார்வை இல்லை, மும்பை போயிருந்தபோது ஓர் இந்திப் படத்தை இப்படிப் பார்த்துவிட்டு இரவு பதினோரு மணிக்கு ஃபோன் செய்தார். கதை என்ன, நடிப்பு எப்படி என்றெல்லாம் அவர் பேசவே இல்லை. "எல்லாரும் சிரிச்ச அதே நேரத்துல நானும் சிரிச்சேன்டா" என்பதை மூன்று தடவை சொன்னார்.

ஆனால் செயலி மட்டும் இருந்தால் போதாதே, அதில் போட்டுக் கேட்க அந்தப் படத்துக்கு யாராவது வர்ணனை எழுதிப் பேசிப் பதிவு செய்திருக்க வேண்டும். பொங்கலுக்குப் பார்த்த படத்துக்கு அது இல்லை. அதற்கு முன்னால் நான் ஆசை ஆசையாகத் தேடிய படங்களுக்கும் இல்லை.

இது ஏதோ நாங்கள் கெஞ்சிக் கேட்கிற சலுகை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 42-ஆவது பிரிவு, மின்னணு ஊடகங்களில் காட்சி வர்ணனையும் சைகை மொழியும் வசன எழுத்துகளும் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே சொல்கிறது. 29-ஆவது பிரிவு கலைக்கும் பொழுதுபோக்குக்கும் ஆனது. பார்வையற்ற ஒரு சட்ட மாணவர் உள்ளிட்ட சிலர் வழக்குப் போட்டதில், 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு பெரிய இந்திப் படத்தை ஓடிடியில் வெளியிடும்போது காட்சி வர்ணனையும் வசன எழுத்துகளும் சேர்க்கச் சொன்னது. அதன் பிறகு 2024 மார்ச் 15 அன்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குகளுக்கான வழிகாட்டு நெறிகளையே வெளியிட்டுவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் தணிக்கைச் சான்று வாங்கும் படங்களுக்கு 6 மாதம், மற்ற படங்களுக்கு 2 ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். அதாவது 2026 மார்ச் வரை. நம் பெரிய நடிகர்களின் படங்கள் தமிழ், தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம் என்று ஐந்து மொழியில் வருகிறவை, அவற்றுக்கு 2024 செப்டம்பரிலேயே கெடு முடிந்துபோனது.

எங்கள் பக்கத்துத் திரையரங்கு மேலாளரிடம் இதைக் கேட்டேன். நல்ல மனிதர். "அது எந்தக் கம்பெனி சார் பண்றாங்க?" என்று அக்கறையாகத்தான் கேட்டார், அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பிறகு, "நீங்க டிக்கெட்டே எடுக்க வேணாம் சார், எப்ப வந்தாலும் என்கிட்ட சொல்லுங்க, உள்ளே உட்கார வெச்சிடறேன்" என்றார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. நான் அரசுச் சம்பளம் வாங்குகிறேன், முழு டிக்கெட்டுக்கான காசு என்னிடம் இருக்கிறது, அந்தக் காசுக்கு முழுப் படத்தைத்தான் கேட்கிறேன். அவரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, விநியோகஸ்தரிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 1.27 லட்சம் பேர். நாங்கள் தனியாகப் படத்துக்குப் போவதில்லை, குடும்பத்தோடோ நண்பர்களோடோதான் போவோம். என்னால் அனுபவிக்க முடியாத படத்துக்கு என் வீட்டில் யாரும் போவதில்லை. தயாரிப்பாளர்கள் இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சரி, வர்ணனை எழுத ஆள் எங்கே என்று கேட்பார்கள். வர்ணனை தமிழனுக்குப் புதிதா? சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்களின் கிரிக்கெட் வர்ணனையை வானொலியில் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். பந்து எந்தப் பக்கம் போனது, யார் துரத்தினார்கள் என்பதெல்லாம் நல்ல தமிழில் காதுக்குள் வந்து விழும், மைதானமே தெரியும். அலங்காநல்லூரில் மைக் பிடிப்பவர் மூச்சு விடாமல் சொல்வதைக் கேட்டுப் பாருங்கள், வாடிவாசலைத் தாண்டி வந்த மாட்டின் நிறம், கொம்பு, யார் திமிலைப் பிடித்தார், எத்தனை சுற்று தாங்கினார், பரிசு அண்டாவா பீரோவா, எதையும் விடமாட்டார். ஓடுகிற மாட்டைச் சொல்லத் தெரிந்த மொழிக்கு ஓடுகிற படத்தைச் சொல்லத் தெரியாதா?

இருந்தாலும் சினிமாவுக்கான வர்ணனை தனி வேலை, அதைப் பழக வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நாலு விநாடி இடைவெளிதான் கிடைக்கும், அதற்குள் எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டும். "அவள் சோகமாக நிற்கிறாள்" என்று எழுதினால் எனக்குப் பிடிக்காது. சோகம் என்று தீர்ப்புச் சொல்ல நீங்கள் யார்? "தாலியைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள்" என்று சொன்னால் மீதியை நானே புரிந்துகொள்வேன், உங்களைப் போலவே. கொலைகாரன் யார் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும் முன்பே எனக்குச் சொல்லிவிடக் கூடாது, அவர்களுக்குத் தெரிந்த பிறகு தாமதமாகவும் சொல்லக் கூடாது. இதையெல்லாம் எழுதத் தமிழ் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள். எழுதியதைச் சரிபார்க்கப் பார்வையற்றவர்களையே அமர்த்தலாம், எங்களில் தமிழ் இலக்கியம் படித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. படம் முடிந்து கடைசி நேரத்தில் அவசர அவசரமாகச் செய்யாமல், டப்பிங் நடக்கும்போதே இதையும் சேர்த்துச் செய்தால் இயக்குநரே பக்கத்தில் இருந்து எது முக்கியம் என்று சொல்லிவிடுவார்.

மாநில அரசு நினைத்தால் இரண்டு விஷயங்களை இப்போதே செய்யலாம் என்று நினைக்கிறேன். குறைந்த செலவில் எடுக்கும் தரமான படங்களுக்கு அரசு 7 லட்சம் ரூபாய் மானியம் தருகிறதே, அதில் காட்சி வர்ணனைக்கென்று ஒரு தொகையைக் கூடுதலாகச் சேர்த்து, வர்ணனை இருந்தால்தான் மானியம் என்று ஒரு நிபந்தனை போடட்டும். சின்னப் படக்காரர்கள் தலையில் செலவை மட்டும் கட்டினால் அது நியாயமில்லை என்பதால்தான் கூடுதல் தொகை என்கிறேன். அப்புறம், மாவட்டங்களில் திரையரங்குக்குச் சி ஃபார்ம் உரிமம் கொடுப்பது ஆட்சியர்தான். உரிமத்தைப் புதுப்பிக்கும்போது கழிப்பறையையும் தீயணைப்புக் கருவியையும் பார்ப்பது போல இதையும் ஒரு கேள்வியாகக் கேட்கலாம்.

மனம் வைத்தால் நம் ஊரில் நடக்கும் என்பதற்கு மெரினாவே சாட்சி. 2022 நவம்பரில் அங்கே கடல் பக்கம் வரை மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பிய்த்துப் போட்டது, திரும்பவும் சரிசெய்தார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் என் சக ஆசிரியர் ஒருவர் 52 வயதில் முதன்முதலாக அலைக்கு அவ்வளவு பக்கத்தில் போய்வந்தார். அதே மனிதர் திரையரங்குக்குப் போனால் முதல் வரிசைக்கு முன்னால் நிறுத்திவிடுகிறார்கள், மூன்று மணி நேரம் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு வருகிறார். காது கேளாதவர்களுக்குத் தமிழிலேயே வசன எழுத்து வேண்டும், வசனம் மட்டுமில்லாமல் கதவு தட்டும் சத்தமும் பின்னால் வண்டி வந்து நிற்கும் சத்தமும்கூட எழுத்தில் வர வேண்டும். அதைப் பற்றி அவர்களே எழுதினால் இன்னும் சரியாக எழுதுவார்கள், அவர்களுக்கும் நீங்கள் இடம் தர வேண்டும்.

கடைசியாக உங்களிடமே ஒரு கோரிக்கை. வெள்ளிக்கிழமை விமர்சனத்தின் கீழே நடிகர், இசை, ஒளிப்பதிவு என்று பட்டியல் போடுகிறீர்கள். அதில் ஒரே ஒரு வரி கூடுதலாக, "காட்சி வர்ணனை: உண்டு" அல்லது "இல்லை" என்று போடுங்கள். மாதக்கணக்கில் "இல்லை" என்றுதான் அச்சாகும், பரவாயில்லை, போடுங்கள். தயாரிப்பாளர்கள் அதைப் படிப்பார்கள். "உண்டு" என்று முதன்முதலில் வரும் வாரம் என் மகளுக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் எடுப்பேன். அன்றைக்கு அவள் பாட்டுக்கு அவள் படம் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன், ஒரு தமிழாசிரியர்,
திருச்சி மாவட்டம்.