கோட்டை என்று ஒரு சொல்லில் முடிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தேர்தல் வந்தால் எங்கள் தாராவியை 'காங்கிரஸ் கோட்டை' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். காங்கிரஸின் வர்ஷா கெய்க்வாட் இங்கே சட்டசபைத் தேர்தலில் 2004, 2009, 2014, 2019 என நான்கு முறை தொடர்ந்து ஜெயித்தது உண்மைதான். அதிலும் 2014-இல் தேசியவாத காங்கிரஸுடனான கூட்டணி உடைந்து, மாநிலம் முழுக்க காங்கிரஸ் சரிந்தபோதும் அவர் வென்றார். அவருடைய அப்பா ஏக்நாத் கெய்க்வாட் எம்.எல்.ஏ.வாக இருந்த தொகுதிதானே என்பார்கள். சரி, ஆனால் 1995-இல் இதே மக்கள்தான் சிவசேனாவின் பாபுராவ் மானேயை அனுப்பினார்கள். 2024-இல் வர்ஷா எம்.பி. ஆனார், அப்புறம் சட்டசபைக்குத் தங்கை ஜோதி வந்தார்.

எங்கள் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்தவர். ஓட்டுப் போட்ட அன்று மை விரலோடு மாடி ஏணியில் ஏறி, "இந்த மச்சுக்கு என்ன வழின்னு யாரும் சொல்லலியே" என்றார். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள் இலவச வீடு. மேல்தளத்தில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்காக எம்.எல்.ஏ. சட்டசபையில் என்ன கேட்டார், அரசு என்ன பதில் தந்தது என்பதை வெற்றிக் கணக்கோடு சேர்த்துத் தமிழில் வெளியிடுங்கள்.

- ஒரு வாசகர், தாராவி, மும்பை